வெந்த புண்ணுக்கு ஒரு நூலாடை

எரிக்கோவுக்குப் போகும் வழியில் கள்வர் கையில் அகப்பட்டுக் குற்றுயிராய்க் கிடந்த மனிதனின் கதையை நாம் மறைக்கல்வி வகுப்பில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். நல்ல சமாரியர் அவனுடைய காயங்களில் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்துக் கட்டினார் என்று லூக்கா எழுதுகிறார். லூக்காவை மருத்துவர் என்றே புனித பவுல் குறிப்பிடுகிறார். ஆகையால் இந்தச் சிறு செய்தியை அவர் சும்மா எழுதியிருக்க மாட்டார். மது கிருமிகளை ஓரளவு அடக்கும். எண்ணெய் புண்ணைக் காய்ந்து வெடிக்க விடாது. கட்டு, வெளியிலிருந்து தூசும் ஈயும் அண்டாமல் தடுக்கும். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்து இன்றைய விஞ்ஞானிகள் புண்ணுக்குக் கட்டும் துணியிடம் எதிர்பார்ப்பதும் இந்த மூன்றைத்தான். ஆனால் இம்மூன்றையும் ஒரே துணியில், அதன் இழைக்குள்ளேயே வைத்து நூற்க முடியுமா என்பது அவர்களுடைய கேள்வி. அந்த ஆராய்ச்சி நம் கோவையிலும் நடந்து வருவதால், அதைப் பற்றி இந்த ஆண்டு மலரில் சில பக்கங்கள் எழுத விழைகிறோம்.

காயங்களிலெல்லாம் கொடியது தீக்காயம். உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 1,80,000 பேர் தீக்காயத்தால் உயிரிழக்கிறார்கள் என்றும், இந்தியாவில் மட்டும் ஆண்டுக்கு 10 லட்சத்துக்கு மேற்பட்டோர் மிதமான அல்லது கடுமையான தீக்காயம் அடைகிறார்கள் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. தெற்காசியாவில் இந்தத் துன்பம் பெண்களுக்கே அதிகம். காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. அடுப்பங்கரையில் நிற்பவர்கள் பெண்கள். தொங்கும் முந்தானையும் தாவணியும் துப்பட்டாவும் அணிபவர்கள் பெண்கள். நைலான், பாலியெஸ்டர் துணிகளோ தீப்பட்டதும் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்கின்றன. மண்ணெண்ணெய் அடுப்பு போய் எரிவாயு வந்த பிறகும் கொதிக்கும் சோற்றுக் கஞ்சியும் வெந்நீர்த் தவலையும் சிறு குழந்தைகளை விட்டபாடில்லை. 2004 ஜூலை 16ஆம் நாள் கும்பகோணத்தில் பள்ளிக்கூடத்துச் சமையலறையிலிருந்து கூரைக்குத் தாவிய தீ, 94 குழந்தைகளைக் கொண்டுபோனதை நம் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள்.

தீ சுட்ட மாத்திரத்தில் மனிதன் இறப்பது குறைவு. முதல் இரண்டு நாட்களில் உடலின் நீர் வற்றி அதிர்ச்சி உண்டாகும். அதை மருத்துவர்கள் குளுக்கோஸ், உப்புநீர் ஏற்றிச் சமாளித்து விடுகிறார்கள். அதன் பிறகு வருகிறதே, கிருமி, அதுதான் எமன். தோல் என்பது நம் உடலின் மிகப் பெரிய உறுப்பு. வளர்ந்தவருக்கு அதைப் பிரித்து விரித்தால் ஒன்றரை முதல் இரண்டு சதுர மீட்டர் இருக்கும். நம் உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்த பரப்பு, உடல் தோலில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு. மருத்துவர்கள் 'இருபது சதவீதத் தீக்காயம்' என்னும்போது இருபது கையளவு மதில் இடிந்து போயிற்று என்று பொருள் கொள்ளலாம். இடிந்த இடத்தில் வெந்து செத்த தசை கிடக்கிறது. கிருமிகளுக்கு அதைவிட நல்ல விருந்து இல்லை. அங்கேயுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களும் வெந்து அடைபட்டுவிடுவதால் ஊசி மூலம் போடும் மருந்து இரத்தத்தோடு ஓடிப் புண்ணின் மேற்பரப்பை நன்கு எட்டுவதில்லை. பச்சை நிறச் சீழை உண்டாக்கும் சூடோமோனாஸ் போன்ற கிருமிகள் பல மருந்துகளுக்கும் பணியாத பழக்கத்தை வேறு கற்றுக்கொண்டு விட்டன. ஆகவே தீப்புண்ணுக்கு மருந்து வெளியிலிருந்து, கட்டோடு கட்டாக வந்தாக வேண்டும். நாம் சொல்லவிருக்கும் புது இழையின் பெருமை அனைத்தும் இந்த ஒரு காரணத்தில் அடங்கியிருக்கிறது.

இதற்குள் வீட்டில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும். ஏனெனில் எவ்வளவு உயர்ந்த கட்டானாலும் அது மருத்துவமனைக்குப் போன பிறகுதான். சுட்ட இடத்தைக் குழாய்த் தண்ணீரில் முழுதாக இருபது நிமிடம் காட்ட வேண்டும். இரண்டு நிமிடம் காட்டிவிட்டு எடுப்பது போதாது. மேல்தோல் குளிர்ந்த பின்னும் உள்ளே சூடு தசையை வேகவைத்துக்கொண்டே இருக்கும். பனிக்கட்டி கூடாது. வளையல், மோதிரம், கொலுசு இவற்றை வீக்கம் வருமுன் கழற்ற வேண்டும். ஒட்டிய துணியைப் பிய்க்கக் கூடாது, கொப்புளத்தை உடைக்கக் கூடாது. தோசை மாவு, காப்பித்தூள், பற்பசை, பேனா மை, முட்டை வெண்கரு என்று நம் வீடுகளில் பூசாத பொருள் இல்லை. இவை எதுவும் வேண்டாம். பூசியதையெல்லாம் சுரண்டியெடுத்த பிறகுதான் டாக்டர் புண்ணின் ஆழத்தைப் பார்க்க முடியும். அந்தச் சுரண்டலின் வேதனை சுட்ட வேதனையினும் பெரிது. சலவை செய்த பருத்தித் துணியால் மூடி, 108க்குச் சொல்லி அனுப்புங்கள். அவ்வளவே.

இனி, கட்டுக்கு வருவோம். நாம் எல்லோரும் அறிந்தது வெள்ளைக் காஸ் துணி. இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் தறிகளெல்லாம் இந்தப் பாண்டேஜ் துணியைத்தான் நெய்கின்றன. மலிவானது, நீரை உறிஞ்சக்கூடியது, கொதிக்க வைத்துச் சுத்தம் செய்யத்தக்கது. ஆனால் தீப்புண்ணில் அதற்கு ஒரு பெருங்குறை உண்டு. புண்ணிலிருந்து வடியும் நீர் துணியின் கண்களில் புகுந்து காய்ந்துவிடும். புதிதாய் முளைத்த மெல்லிய தோலும் அந்தக் கண்களுக்குள் வளர்ந்துவிடும். மறுநாள் கட்டு மாற்றும்போது பழைய துணியோடு புதுத்தோலும் கிழிந்து வரும். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்று நம் முன்னோர் சொன்னது இதைத்தானோ என்று எண்ணத் தோன்றுகிறது. தீக்காய வார்டில் பணிபுரியும் செவிலியரையும் அருட்சகோதரிகளையும் கேட்டால், நோயாளிகள் அஞ்சுவது ஊசிக்கன்று, கட்டு மாற்றும் வேளைக்கே என்பார்கள்.

காற்றாட விட்டால் புண் சீக்கிரம் காயும் என்பது நம் பாட்டிமார் காலத்து நம்பிக்கை. 1962இல் லண்டனில் ஜார்ஜ் வின்டர் என்ற விஞ்ஞானி பன்றிகளின் தோலில் சிறு காயங்கள் செய்து, சிலவற்றை மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மூடியும் சிலவற்றைத் திறந்தும் வைத்துப் பார்த்தார். மூடிவைத்த ஈரப்புண்ணில் தோல் ஏறத்தாழ இருமடங்கு விரைவாக மூடிக்கொண்டது! காய்ந்து பொருக்குத் தட்டிய புண்ணில் புதிய உயிரணுக்கள் பொருக்குக்கு அடியே வழிதேடித் தவழ வேண்டியிருந்தது. அதே பத்தாண்டில் வெள்ளியும் வார்டுக்குள் வந்தது. 1965இல் அமெரிக்க மருத்துவர் மோயர் அரை சதவீத வெள்ளி நைட்ரேட் கரைசலில் நனைத்த கட்டுகளைப் போட்டார். 1968இல் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஃபாக்ஸ், சில்வர் சல்ஃபடயசின் என்ற வெண்களிம்பைத் தந்தார். உலகெங்கும் தீக்காய வார்டுகளில் பல்லாண்டு காலம் ஆட்சி செய்தது இந்தக் களிம்புதான். எண்ணற்ற உயிர்களை அது காத்தது. எனினும் அதை நாள்தோறும் கழுவி எடுத்துப் புதிதாய்ப் பூச வேண்டும். போதாக்குறைக்கு, புதுத்தோல் வளர்வதை அது சற்றுத் தாமதப்படுத்துவதாகவும் பிற்கால ஆய்வுகள் காட்டின.

ஒட்டாத கட்டு ஒன்று வேண்டும் என்று தேடியதில் நம் நாட்டு மருத்துவர்கள் பின்தங்கவில்லை. பம்பாயில் குழந்தைகளுக்கான வாடியா மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் கேஸ்வானி, 1985இல் வேகவைத்த உருளைக்கிழங்குத் தோலைக் காஸ் துணியில் ஒட்டிப் புண்ணுக்குக் கட்டிய அனுபவத்தை வெளியிட்டார். பின்னர் வாழையிலையும் சோதிக்கப்பட்டது. உருளைக்கிழங்குத் தோலுக்கு இணையாக வேலை செய்ததோடு அதைவிட மலிவாகவும் இருந்தது. தீக்காயம் பட்டவரை வாழையிலையில் கிடத்தும் வழக்கம் தமிழ்நாட்டில் பழையது. பந்தியில் இலை போடும் நமக்கு இதில் வியப்பில்லை. அதன் வழவழப்பான மேற்புறம் எதையும் ஒட்ட விடாது. சென்னை அடையாற்றில் 1948இல் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம், மாட்டுத் தோலிலிருந்து கொலாஜன் என்ற புரதத்தைப் பிரித்தெடுத்து மெல்லிய தாளாக்கியது. நம் தோலின் கட்டுமானமும் பெரும்பாலும் கொலாஜனே. புண்ணில் விரித்த தாள் மெல்லக் கரைய, அந்த இடத்தில் நம் தோல் வளர்கிறது. செருப்புக்கும் பைக்கும் போகும் தோலிலிருந்து மனிதத் தோலுக்கு ஒரு மாற்று! நாம் போற்ற வேண்டிய சாதனை என்றே கருதுகிறோம்.

ஆனால் தாள் வேறு, வலை வேறு. நம் தோலுக்கு அடியில் கொலாஜன் தாளாக இல்லை. மிக நுண்ணிய நார்களாகப் பின்னிக் கிடக்கிறது. தோலை வளர்க்கும் உயிரணுக்கள் அந்த நார்களைப் பற்றிக்கொண்டு, பந்தலில் அவரைக்கொடி ஏறுவதுபோல் ஏறுகின்றன. அந்த நாரின் கனம் மீட்டரை நூறு கோடியாகப் பங்கிட்டு அதில் ஐம்பது முதல் ஐந்நூறு பங்கு. மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கைத்தான் நானோ மீட்டர் என்கிறார்கள். இதே கனத்தில் செயற்கையாக ஒரு வலை பின்னினால் உயிரணுக்கள் அதைத் தம் வீடென்று எண்ணி ஏறும் அல்லவா? இதுவே நானோ இழைக் கட்டின் அடிப்படை எண்ணம்.

நூல் என்றால் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நாற்பதாம் நம்பர் நூல் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சாதாரணமாகப் பேசுவார்கள். அந்த நூலில் ஒரு கிராம் எடுத்து நீட்டினால் 68 மீட்டர் வரும். முந்நூறு நானோ மீட்டர் கனமுள்ள இழையில் அதே ஒரு கிராம் 10,000 கிலோமீட்டருக்கு மேல் நீளும். கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரை மூன்று தடவை இழுக்கலாம். நம் தலைமுடியின் கனத்தில் அது இருநூறில் ஒரு பங்கு. பஞ்சு இழைகூட அதன் பக்கத்தில் தாம்புக் கயிறுதான்.

இவ்வளவு மெல்லிய இழையைக் கதிரில் முறுக்கி எடுக்க இயலாது; அறுந்து போகும். அதை மின்சாரம் நூற்கிறது. கோவை ஆலைகள் பெருகியதே 1932இல் பைக்காரா மின்சாரம் வந்த பிறகுதான் என்று வரலாற்றுப் பாடத்தில் படிக்கிறோம். அந்த மின்சாரம் கதிரைச் சுழற்றியது. இங்கேயோ கதிரே இல்லை. ஒரு சிரிஞ்சில் பிசின் போன்ற கரைசலை நிரப்பி, அதன் உலோக ஊசிக்கு பத்தாயிரம் முதல் முப்பதாயிரம் வோல்ட் வரை மின்னழுத்தம் கொடுக்கிறார்கள். ஒரு சாண் தூரத்தில் எதிரே உலோகத் தகடு. ஊசி முனையில் துளிர்க்கும் சொட்டு, மின்னேற்றத்தால் உருண்டை வடிவம் இழந்து கூம்பாகிறது. 1964இல் இந்தக் கூம்பைக் கணித முறையில் விளக்கிய ஆங்கில விஞ்ஞானி டெய்லரின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. கூம்பின் நுனியிலிருந்து பீறிடும் தாரை, சாட்டையைச் சுழற்றினாற்போல் காற்றில் நெளிந்து நெளிந்து இழுபட்டு மெலிகிறது. போகும் வழியிலேயே கரைப்பான் ஆவியாகிவிட, தகட்டில் வந்து படிவது உலர்ந்த இழை மட்டுமே. சிறிது நேரத்தில் சிலந்திக்கூடு போன்றதொரு வெண்படலம்! முறை ஒன்றும் புதிதன்று. 1902இலேயே அமெரிக்காவில் இதற்குக் காப்புரிமை பெற்றிருக்கிறார்கள். பயன் தெரியாமல் அது ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள் தூங்கிற்று.

அவிநாசி சாலையில் விமான நிலையத்துக்கு அருகே, 1956இல் தோன்றிய தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகம் இருக்கிறது. சிட்ரா என்றால் கோவையில் தெரியாதவர் இல்லை. ஆலை முதலாளிகளுக்கு நூலின் தரம் பார்த்துச் சொன்ன அந்தக் கழகத்தை மத்திய ஜவுளி அமைச்சகம் மருத்துவத் துணிகளுக்கான சிறப்பு மையமாக்கியது. அங்கும், அதே சாலையில் பீளமேட்டிலுள்ள பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியிலும், தஞ்சை சாஸ்த்ரா பல்கலைக்கழகத்திலும் மின்நூற்பு இழைகளைப் பற்றி ஆராய்ந்திருக்கிறார்கள்.

கரைசலில் என்ன சேர்ப்பது? இங்கேதான் விஷயம் சுவையானது. இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான் தானே கிருமியை அடக்கும் குணமுள்ளது. பட்டுக்கூட்டின் புரதம் உயிரணுக்களுக்கு உகந்தது. கோபிசெட்டிப்பாளையத்துப் பட்டு புடவைக்கு மட்டுந்தான் என்று நினைத்திருந்தோம். இவற்றோடு வெள்ளியின் நுண்துகளையோ, ஒரு மருந்தையோ, மஞ்சளிலுள்ள குர்குமினையோ கலந்து நூற்றால் மருந்து இழைக்குள்ளேயே உறைந்துவிடும். புண்ணின் ஈரம் பட்டபின் கொஞ்சம் கொஞ்சமாக, சில நாட்கள் வரை கசியும். நாள்தோறும் கட்டை அவிழ்க்க வேண்டியதில்லை. இழைகளின் இடைவெளியோ பெரும்பாலான கிருமிகள் நுழைய முடியாத அளவு சிறியது. ஆயினும் நீராவி வெளியேறும். நல்ல தோலிலிருந்து ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 கிராம் நீர் ஆவியாகிறது. சதை தெரியும் புண்ணிலிருந்து 5,000 கிராம் வரை போகிறது. இரண்டுக்கும் நடுவே 2,000 முதல் 2,500 கிராம் வரை விடுகிற கட்டே சிறந்தது என்பது விஞ்ஞானிகள் வகுத்த கணக்கு. அதைவிட அதிகம் விட்டால் புண் காயும். குறைந்தால் நீர் கோத்து ஊறும்.

ஈரோட்டு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்ததில் நமக்கும் பெருமை உண்டு. அதற்காகக் கடையில் வாங்கிய மஞ்சள்தூளைத் தீப்புண்ணில் அப்பிவிடாதீர்கள்! களத்து மண்ணில் காய்ந்த பொருளில் கிருமிகளும் உண்டு. குர்குமினோ தண்ணீரில் எளிதில் கரையாது, தூளாய்ப் போட்டால் புண்ணுக்குள் இறங்காது. இழையில் நூற்கும்போது அது மிக நுண்ணிய அளவில் பிரிந்து நிற்பதால்தான் வேலை செய்கிறது. பாட்டி வைத்தியம் சரியென்று விஞ்ஞானம் மெய்ப்பித்துவிட்டது என்று சிலர் எழுதுவதை நாம் அவ்வளவாக ஏற்பதற்கில்லை.

மூலிகை எதையேனும் நானோ இழையில் கலந்து, ஆய்வகத் தட்டில் கிருமி வளராத வட்டத்தைக் காட்டி, வெற்றி என்று எழுதும் கட்டுரைகள் இன்று ஏராளம். தட்டு வேறு, மனிதப் புண் வேறு. வெள்ளி கிருமியைக் கொல்லும் அளவுக்கும் நம் உயிரணுவையே கொல்லும் அளவுக்கும் இடைவெளி அதிகமில்லை. ஆதலால் முதலில் கண்ணாடிப் பாத்திரத்தில் வளர்த்த உயிரணுக்களிலும், பிறகு விலங்குகளிலும், அதன்பின்னரே இசைவு தரும் நோயாளிகளிடமும் சோதிக்க வேண்டும். 2017ஆம் ஆண்டின் மருத்துவச் சாதன விதிகளின்படி உரிமம் பெற வேண்டும். இத்தனை படிகளையும் ஏறி வார்டுக்கு வந்த நானோ இழைக் கட்டுகள் மிகச் சில. இஸ்ரேலில் உருவான ஸ்பின்கேர் என்ற கைக்கருவி, நோயாளியின் படுக்கையருகே நின்று, புண்ணின் மேலேயே இழையை நூற்றுப் படிய வைக்கிறது. புண்ணைத் தொடாமலே கட்டுப் போடுவது என்பது எப்பேர்ப்பட்ட நிம்மதி!

இன்னொரு தடை, உற்பத்தி. ஒற்றை ஊசியில் மணிக்கு ஒரு கிராம்கூடத் தேறுவது அரிது. இதற்கு வழி கண்டவர்கள் செக் நாட்டின் லிபெரெக் நகரத்தார். ஊசியை விட்டுவிட்டு, கரைசலில் புரளும் உருளையின் பரப்பிலிருந்தே ஆயிரக்கணக்கான தாரைகளை எழச் செய்தார்கள். அந்த ஊரும் பழைய கம்பளி ஆலை நகரம். பொஹீமியாவின் மான்செஸ்டர் என்று பெயர் பெற்றது. தென்னிந்தியாவின் மான்செஸ்டரான நம் ஊர் அதைச் செய்யக் கூடாதா என்று ஆசை எழுவது இயற்கைதானே. நூற்கத் தெரிந்த கைகளும் இங்கே உண்டு, இயந்திரம் வார்க்கும் பட்டறைகளும் உண்டு.

எந்தக் கட்டாலும் ஆகாத புண்களும் இருக்கின்றன. தோலின் முழு ஆழமும் வெந்துபோனால் ஓரங்களிலிருந்து மட்டுமே தோல் வளர முடியும், நடுவில் மூடாது. நோயாளியின் தொடையிலிருந்து மெல்லிய தோலைச் சீவியெடுத்து ஒட்டுவார்கள். உடலில் பாதிக்குமேல் வெந்தவருக்கு எடுப்பதற்கு எங்கே இருக்கிறது தோல்? அப்போது உதவுவது பிறர் தந்த தோல். கோவை கங்கா மருத்துவமனையில் தோல் வங்கி ஒன்று நடக்கிறது. கண் தானம் போலவே, இறந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். கால், தொடை, முதுகு இவற்றிலிருந்து மிக மெல்லிய மேற்படலம் மட்டுமே எடுக்கிறார்கள்; உருவம் சிதைவதில்லை, நல்லடக்கத்துக்கும் தடையில்லை. இரத்தப் பிரிவு பொருந்த வேண்டும் என்பதில்லை. கிளிசரினில் இட்டுக் குளிரில் வைத்தால் ஐந்தாண்டு வரை கெடாது. ஒட்டியபின் இரண்டு மூன்று வாரங்களில் அது உதிர்ந்துவிடும். அதற்குள் சீவிய இடத்தில் நோயாளியின் தோல் மறுபடி வளர்ந்திருக்கும். அதிலிருந்து மீண்டும் எடுத்து ஒட்டலாம். நோயாளியின் சொந்த உயிரணுக்களையே நானோ இழை வலையில் விதைத்து, வேண்டிய அளவு தோலை வளர்த்துக் கொடுக்கும் முயற்சிகள் இன்னும் ஆய்வகங்களில்தான் நடந்துகொண்டிருக்கின்றன.